செண்டுமல்லிக்குக் கீழே கரி

எங்கள் ஃபாக்டரியின் பின்பக்கத்தில் ஒரு செண்டுமல்லித் தோட்டம் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தோட்டத்துக்கு அடியில் நிலக்கரி இருக்கிறது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதைப் போட்ட நாளில் நான் பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

எங்களுடையது மாம்பழக்கூழ் எடுக்கும் ஃபாக்டரி. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் சாலையில், சூளகிரிக்கு முன்னால் இருக்கிறது. மாங்காய் சீசனில் ராப்பகலாக ஓடும். மற்ற மாதங்களில் தூங்கும். காயை வாங்கிப் பழுக்கப் போட்டு, கழுவி, கொட்டை நீக்கி, கூழாக்கி, நீராவியில் காய்ச்சி, டிரம்மில் அடைத்துக் கப்பலுக்கு அனுப்புகிறோம். நீராவி பாய்லரிலிருந்து வருகிறது. அந்தப் பாய்லர், ஜெனரேட்டர், கம்ப்ரசர், தண்ணீர் மோட்டார் எல்லாம் என் பொறுப்பு. ஏதாவது நின்றுபோனால் "மேடம் எங்க?" என்று தேடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவரும் தேடியதில்லை.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பாய்லருக்கு நிலக்கரிதான். அதன் மேல் எனக்கு எந்தப் பாசமும் கிடையாது. மூக்கைச் சிந்தினால் கறுப்பு, காதைத் துடைத்தால் கறுப்பு. காம்பவுண்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர்ப் பெண்கள் துவைத்து உலர்த்திய துணியை எடுத்து வந்து என்னிடம் காட்டிவிட்டுப் போவார்கள். திட்டக்கூட மாட்டார்கள், காட்டுவார்கள், அவ்வளவுதான். திட்டினால் தேவலை என்று இருக்கும். அதனால், கரி எரித்துக் காய்ச்சிய கூழ் இனி வேண்டாம் என்று வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் சொன்னபோது, ஃபாக்டரியிலேயே அதிகம் சந்தோஷப்பட்டது நான்தான்.

எங்கள் முதலாளி ஓசூரில் இருக்கிறார். வீட்டில் தெலுங்கு, பெங்களூர்க்காரர்களிடம் கன்னடம், விவசாயிகளிடம் தமிழ். கெட்ட மனிதர் இல்லை. தீபாவளிக்கு எல்லார் வீட்டுக்கும் இனிப்பு அனுப்புவார், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் கார் அனுப்புவதும் அவர்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற காரியத்தில்தான் கை வைப்பார். கூரை மேல் சோலார் பலகை போடலாம் என்றதும் உடனே போட்டார். சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும். பாய்லருக்குக் கரிக்குப் பதிலாக வெள்ளைக் கரி என்று முடிவாயிற்று. பெயரில்தான் கரி. நிலக்கடலைத் தோல், மரத்தூள் எல்லாவற்றையும் மெஷினில் அழுத்திக் கட்டையாக்கி விற்கிறார்கள். நன்றாக எரியும், புகை குறைவு, சாம்பல் குறைவு. நல்ல திட்டம். அத்தனையும் நடந்து முடிந்த பிறகும் சொல்கிறேன், நல்ல திட்டம்தான்.

அதற்கு ஒரே ஒரு நிபந்தனை. நனையக் கூடாது. நனைந்தால் கட்டை ஊதி உதிர்ந்து தூளாகிவிடும். ஆகவே நான் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். தகரக் கூரை போட்டு, தரையை உயர்த்தி, ஒரு கொட்டகை. சீசனுக்கு முன்பே வாங்கி அதில் அடுக்கிவிட வேண்டும். தையில் கேட்டேன். "ஆகட்டும்மா, போட்ருவோம்" என்றார். மாசியில் கேட்டேன். "சொல்லிட்டேன்மா" என்றார். பங்குனியில் ஆட்கள் வந்து குழி தோண்டினார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், குழி கேட்டுக்கு முன்னால். கொட்டகைக்கு இல்லை, ஆர்ச்சுக்கு. இரண்டு தூண், மேலே வளைவு, வளைவு முழுக்க இலை, நடுவில் சிரிக்கிற சூரியன். பெயின்ட் அடிக்கிறவர் என்னிடம் வந்து, "மேடம், இலைக்கு எந்தப் பச்சை?" என்று கேட்டார். எந்தப் பச்சையாக இருந்தால் என்ன என்று சொல்லிவிட்டேன். எங்கள் முதலாளி ராகு காலம் பார்ப்பார், எமகண்டம் பார்ப்பார், மழைக்காலம் மட்டும் பார்க்க மாட்டார்.

அப்புறம் மிச்சக் கரி. பழைய ஸ்டாக் ஒரு குவியல் பின்பக்கத்தில் கிடந்தது. செங்கல் சூளைக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். முதலாளிக்கு மனசு வரவில்லை.

"வூட்டுக்கு வந்த பொருளும்மா. ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும்."

இந்தப் பக்கத்து மனிதர்களின் குணம் இது. எதையும் தூக்கிப் போட மாட்டோம். எரிந்துபோன மோட்டார், அறுந்த பெல்ட், மூடியில்லாத டிரம், எல்லாம் ஆத்திர அவசரத்துக்கு இருக்கும். என் வீட்டுப் பரணிலும் ஓடாத மிக்சி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதனால் நான் ரொம்பப் பேசவும் முடியாது. ஆனால் மிக்சியைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து ஆள் வரவில்லை. கரியைப் பார்க்க வருகிறார்கள். வாங்குகிறவர்கள் சார்பில் ஒருவர் வந்து ஃபாக்டரியைச் சுற்றிப் பார்த்து, கரி இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் இந்த வருஷக் கூழ் கப்பலேறும்.

விற்கவும் கூடாது, தெரியவும் கூடாது. முதலாளி ஒரு நாள் யோசித்தார். மறுநாள் செம்மண் டிராக்டர் வந்தது. குவியல் மேல் மண்ணைப் பரப்பி, சரித்து, வரப்பு கட்டி, ராயக்கோட்டைப் பக்கமிருந்து செண்டுமல்லி நாற்று கொண்டுவந்து நட்டார்கள். தண்ணீர் ஊற்ற ஒரு தோட்டக்காரரையும் போட்டார்கள். எங்கள் ஃபாக்டரியில் சொன்ன நேரத்தில் சொன்னபடி நடந்த ஒரே வேலை அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றியதுதான். காலையும் மாலையும் தவறவில்லை.

பெங்களூர்க்காரர் வந்தார். சின்ன வயசு, மரியாதையான பிள்ளை. பாய்லரைப் பார்த்தார், சோலாரைப் பார்த்தார், பின்பக்கம் வந்து அப்படியே நின்றுவிட்டார். செண்டுமல்லி அப்போது ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூத்துத் தள்ளியிருந்தது.

"இதற்கு என்ன உரம் போடுகிறீர்கள்?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"எல்லாம் இயற்கைதான் சார்" என்றார் முதலாளி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

நான் வானத்தைப் பார்த்தேன். பாய்லர் ஓட்டும் பாய் தரையைப் பார்த்தார்.

டீ குடிக்கும்போது அந்தப் பிள்ளை என்னிடம் தனியாக ஒரு கேள்வி கேட்டது. தொழில் இவ்வளவு வேகமாக வளர்கிற நாடு இது, தெருவுக்குத் தெரு ஃபாக்டரி வருகிறது, நிஜமாகவே இது கரியை விட்டுவிடும் என்று நினைக்கிறீர்களா மேடம் என்று. டிவியில் கோட் போட்டவர்கள் இதையே மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஒருவர் முடியாது என்பார், இன்னொருவர் முடிந்தேவிட்டது என்பார். இரண்டு பேரும் பாய்லர் பக்கம் வந்திருக்க மாட்டார்கள்.

"கொட்டகை போட்டா முடியும் சார்" என்றேன்.

நான் ஏதோ வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாரூர்ப் பக்கம் எங்கள் நிலம். ஏரித் தண்ணீர் கடைசி வரைக்கும் வருவது குறைந்துபோய், கரும்பை எடுத்துவிட்டு மாமரம் வைத்தவர். எல்லாம் பெங்களூரா மாங்காய், கூழுக்கென்றே உள்ள ரகம். மரம் காய்ப்புக்கு வந்த பிறகு நடந்தது என்ன? பூ எடுக்கும்போது மழை, பிஞ்சு பிடிக்கும்போது அனல். இரண்டு வருஷம் பூவெல்லாம் கருகி விழுந்தது. "வானத்துக்கே புத்தி கெட்டுப்போச்சு பாப்பா" என்பார். வானத்தின் மேல் மட்டும் பழி போடாதே அண்ணா, உலகம் முழுக்க நாம் எரிக்கிற கரியும் ஒரு காரணம் என்று நான்தான் உட்கார்ந்து விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டதோடு நிற்கவில்லை. "எங்க பாப்பா ஃபாக்டரில கரிய நிறுத்திட்டாங்கோ" என்று டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

இந்த வருஷம் அவர் மரங்களில் காய் நின்றது. கிளை தரையைத் தொட்டது. கிணறு வற்றிவிட்டதால், இந்தக் காயை விற்றுப் போர்வெல் போடுவதாக இருந்தார். போர் போடாவிட்டால் அடுத்த கோடைக்கு மரம் தாங்காது. அவர் முழு நம்பிக்கையும் அந்த ஒரு காய்ப்பில் இருந்தது.

சீசன் தொடங்கியது. வழக்கம்போலப் பாய்லருக்குப் பூஜை, எலுமிச்சம்பழம், முதல் மாம்பழம். கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. புகைபோக்கியில் புகை இருப்பதே தெரியவில்லை. காம்பவுண்டுக்குப் பின்னால் வெள்ளை வேட்டி ஒன்று காய்ந்துகொண்டிருந்ததை நான் நின்று பார்த்தேன்.

பிறகு வெள்ளைக் கரிக்குத் தட்டுப்பாடு வந்தது. வராமல் என்ன செய்யும்? பர்கூரிலிருந்து ஓசூர் வரைக்கும் பாய்லர் வைத்திருப்பவர்கள் பாதிப் பேர் ஒரே வருஷத்தில் ஒரே சரக்குக்கு மாறியிருந்தார்கள். கடலை அறுவடையோ எப்போதோ முடிந்துவிட்டது. முன்னாடியே வாங்கிக் கொட்டகையில் அடுக்கியவர்கள் பிழைத்தார்கள். எங்களுக்குக் கொட்டகை இல்லாததால் அன்றன்றைக்கு வருவதை அன்றன்றைக்கு எரித்தோம். சப்ளை செய்கிறவர் முதலில் "நாளைக்கு மேடம்" என்றார், அப்புறம் போனை எடுப்பதையே விட்டுவிட்டார். கையில் இருந்த கொஞ்சத்தை நீலத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தோம். ஒரு சாயங்காலம் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தது. தார்ப்பாய் கிழிந்து எங்கோ பறந்துபோய்விட்டது. காலையில் போய்ப் பார்த்தால், பாய்லர் வாசலில் எடுத்துப் போட்டிருந்த கொஞ்சம் தவிர, கட்டைகள் எல்லாம் உப்புமாவாகக் கிடந்தன.

"மழ வரும்னு நான் அப்பவே நெனச்சேன் மேடம்" என்றார் பாய். அவர் எதையும் அப்பவே நினைத்துவிடுவார். அப்பவே சொன்னதுதான் கிடையாது.

நீராவி இறங்க ஆரம்பித்தது. முதலாளி ஓசூரிலிருந்து அவசரமாக வந்தார். நேரே கூரையைப் பார்த்தார்.

"அவ்ளோ செலவு பண்ணி சோலார் போட்டிருக்கோமே, அதுல பாய்லர ஓட்டும்மா."

"அது மோட்டாரும் லைட்டும் ஓட்டும் சார். பாய்லருக்கு அது பத்தாது."

"அப்ப எதுக்கும்மா அதப் போட்டோம்?"

"மோட்டாரும் லைட்டும் ஓட்டறதுக்கு சார்."

அவர் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். இதை அவருக்கு நான் பலகை போடும் முன்பே சொல்லியிருக்கிறேன்.

அன்று காலை கேட்டுக்கு வெளியே டிராக்டர்கள் நெடுஞ்சாலை வரை நின்றன. உள்ளே பழுத்த பழம் கூழாகாமல் கிடக்க, புதுக் காயைப் போட இடமில்லை. அதனால் கேட்டைச் சாத்திவிட்டார்கள். வரிசையில் என் அண்ணன் இருந்தார். முந்தின நாளே வந்து நின்றிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை; தங்கச்சி வேலை செய்கிற இடம் என்று சலுகை கேட்டதாக ஆகிவிடக் கூடாதாம். நான் வெளியே போனபோது தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். மேலே இருந்த காய்கள் நன்றாக இருந்தன. கீழே கை விட்டால் சுட்டது. அடியில் இருப்பவை வெந்து கனிந்து, பால் வடிந்து, கறுக்க ஆரம்பித்திருந்தன.

"இன்னிக்குள்ள எறக்கிட்டாப் போதும் பாப்பா. நாளைக்கின்னா தாங்காது."

"வேற ஃபாக்டரிக்குப் போயேண்ணா."

"எல்லா எடத்துலயும் அவுங்கவுங்க டோக்கன் குடுத்த ஆளுங்களுக்குத்தான் எடுக்கறாங்கோ. நான் இங்கதான் டோக்கன் வாங்கினேன்" என்றார். பிறகு, "நீ இருக்கற எடம்னு வாங்கினேன்" என்றார்.

சாலைக்கு அந்தப் பக்கம், கொஞ்ச தூரத்தில், இன்னொரு கூழ் ஃபாக்டரி இருக்கிறது. அவர்கள் எதற்கும் மாறவில்லை. கரிதான். உள்நாட்டுக்கே விற்கிறார்கள், கேட்பாரில்லை. அவர்கள் புகைபோக்கி கறுப்பாகக் கக்கிக்கொண்டிருந்தது. டிராக்டர் ஒவ்வொன்றாக உள்ளே போய், காலியாக வெளியே வந்துகொண்டிருந்தது. எங்கள் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் உள்ளே வந்தபோது முதலாளி தோட்டத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"தோண்டுங்க" என்றார்.

புதிதாகக் கரி வாங்கினால் பில் வரும், பில் வந்தால் மாட்டிக்கொள்வோம். இந்தக் கரிக்குப் பில் இல்லை. அவர் கணக்கு அது. ஆத்திர அவசரம் வந்துவிட்டது அல்லவா, வைத்திருந்ததற்குப் பலன் கிடைக்கப்போகிறது என்று அவர் முகத்தில் ஒரு வெற்றிகூடத் தெரிந்தது. லோடு இறக்க வேண்டிய ஆட்கள் எல்லாரும் மண்வெட்டியோடு வந்தார்கள். செண்டுமல்லி வேரோடு வந்தது. பழம் பிரிக்கும் பெண்கள், வீணாகப் போகிறதே என்று பூவை மட்டும் பறித்து மடியில் கட்டிக்கொண்டார்கள். மண்ணுக்கு அடியில் கரி வந்தது. அதைக் கையில் எடுத்து அழுத்தினேன். தண்ணீர் சொட்டியது.

மாசக்கணக்கில், காலையும் மாலையும், தவறாமல் ஊற்றிய தண்ணீர்.

"சார், இது எரியாது. செம்மண்ணும் கலந்திருக்கு. உள்ள போட்டா உருகி அடியில கட்டி பிடிச்சுக்கும். இருக்கிற கொஞ்ச ஸ்டீமும் போயிடும். இருக்கிறத வெச்சு ஒரு லைனையாவது ஓட்டிக்கிட்டே இருப்போம், அதுக்குள்ள ஒரு லோடு வெள்ளைக் கரி எங்கயாவது புடிக்கலாம்."

"கரி எரியாதுன்னு இப்பத்தாம்மா கேள்விப்படறேன்" என்றார்.

போட்டார்கள். முதலில் மஞ்சளாக ஒரு புகை வந்து முற்றத்தை மூடியது. எல்லாரும் இருமினோம். பிரஷர் முள் ஏறவில்லை. இன்னும் போடச் சொன்னார். போட்டார்கள். மத்தியானத்துக்குள் அடுப்புத் தட்டின் சந்துகள் எல்லாம் கண்ணாடி மாதிரி இறுகிய கட்டியால் அடைத்துக்கொண்டன. கீழிருந்து காற்று ஏறவில்லை. எரிந்துகொண்டிருந்த வெள்ளைக் கரியும் மூச்சுத் திணறி அணைந்தது. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று சும்மாவா சொன்னார்கள்? இனிப் பாய்லர் ஆற வேண்டும், ஆள் உள்ளே இறங்கிக் கட்டியை உளியால் கொத்தி எடுக்க வேண்டும். அதுவரைக்கும் ஒரு சொட்டு நீராவி கிடையாது.

"அடச்சுக்கும்னு நான் அப்பவே..." என்று பாய் தொடங்கினார்.

"பாய்" என்றேன். நிறுத்திக்கொண்டார். பாவம், அந்தக் கட்டியை எல்லாம் கொத்தி எடுக்கப்போவதும் அவர்தான்.

வெளியே போய் அண்ணனிடம் சொன்னேன். நாளைக்கும் இல்லை, மறுநாளும் சந்தேகம்தான் என்றேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் நானும் திருப்பி நாலு வார்த்தை கத்தி, மனசு லேசாகியிருக்கும். அவர் டிராக்டரைத் திருப்பினார். ஆர்ச்சுக்குக் கீழே திருப்பியபோது, பின்பெட்டி தூணில் உரசிப் பச்சைப் பெயின்ட் கொஞ்சம் அதில் ஒட்டிக்கொண்டது. ஊருக்குப் போகும் வழியில், சாலையோரப் பள்ளத்தில் காயை எல்லாம் தள்ளிவிட்டுப் போனார் என்று பிறகு தெரிந்தது. அவர் மட்டும் இல்லை. அந்த வாரம் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. யார் மேல் கோபப்படுவது என்பதுதான் குழப்பம். கரியை நிறுத்தச் சொன்னவர்கள் சொன்னது நியாயம். வெள்ளைக் கரியில் ஒரு குற்றமும் இல்லை. சூரியனும் சொன்ன வேலையைச் செய்தது; அந்த நாசத்திலும் லைட்டும் மோட்டாரும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஒரு தகரக் கூரை இல்லாமல் இத்தனையும் கெட்டது. இதை நான் யாரிடம் சொன்னாலும் "அதான் சொல்றோம், இதெல்லாம் நம்ம நாட்டுக்குச் சரிப்பட்டு வராது" என்கிறார்கள். நான் சொல்வது அது இல்லை என்று விளக்குவதற்குள் எழுந்து போய்விடுகிறார்கள்.

சீசன் முடிந்ததும் கொட்டகை வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்றாலும், வந்தவரைக்கும் சரி. நல்ல கொட்டகை, நான் கேட்ட அளவில், உயரமான தரையோடு. ஆனால் மீந்த கரியை முதலாளி என்ன செய்தார்? வெயிலில் காயவைத்தார். காய்ந்ததும் திரும்பக் குவித்து, இந்த முறை பிளாஸ்டிக் தாள் விரித்து, அதற்கு மேல் மண் போட்டு, செண்டுமல்லி நட்டார். "இப்ப தண்ணி எறங்காதும்மா" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

அண்ணன் போர் போடவில்லை. டேங்கரில் தண்ணீர் வாங்கி ஊற்றி, பாதி மரத்தைக் காப்பாற்றியிருக்கிறார். காப்பாற்றிய மரங்கள் இந்தத் தையில் பூத்தன. போன வாரம் போன் செய்தார். நான் அந்தத் தோட்டத்துப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன். பூ நன்றாக நிற்கிறது, மழை வராமல் இருந்தால் காய்த்துவிடும் என்றார். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, விஷயத்துக்கு வந்தார்.

"பாப்பா, கோச்சுக்காத. டோக்கன் இப்பவே வாங்கி வெச்சரலாம்னு பாக்கறேன். கரியில ஓடற ஃபாக்டரியா பாத்துச் சொல்லு. ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்ல."

இங்கே கொட்டகை போட்டாயிற்று அண்ணா, உள்ளே வெள்ளைக் கரி கூரை வரை அடுக்கியிருக்கிறது, நீ வந்து பார் என்று சொல்ல வாயெடுத்தேன். மேலே சூரியன் காய்ந்தது. செண்டுமல்லிக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. இவர்கள் இந்த முறை எதை மறந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு இருப்பது பாதி மரம்.

சாலைக்கு அந்தப் பக்கத்து ஃபாக்டரியின் பெயரைச் சொன்னேன்.